பதினோரு பொன்னாடைகளும் பன்னிரண்டு முட்டைகளும்

மேட்டுப்பாளையம் சாலையில், பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குச் சற்று முன்னால், போன வாரம் என் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் போட மறந்துவிட்டேன் என்று எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள். ஆகவே வண்டி தானாக நின்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்துக்கு நேர் எதிரே, இளவயதில் நான் வாத்தியார் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியின் வாசல். வாசலில் ஒரு புது ஃபிளெக்ஸ். 'வரவிருக்கும் சிறப்புச் சொற்பொழிவுகள்' என்று தலைப்பு. அதன் கீழே கரெஸ்பாண்டன்ட், டிரஸ்டிகள், டிரஸ்டிகளின் வாரிசுகள் எல்லோரும் ஆளுக்கொரு தோசைக்கல் அளவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கீழே, உண்மையில் பேச வரப்போகிற ஐந்து பேர் எட்டணா அளவில். அதிலும் ஒருவருடைய நெற்றியில் ஃபிளெக்ஸ் கட்டிய கம்பி நாமம் போட்டிருந்தது.

வெயிலில் காய்கிற புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? சாயமும் பிளாஸ்டிக்கும் கலந்து, மூக்கின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டுகிற வாசனை. அப்படியே உறை பிரித்த பொன்னாடையின் வாசனைதான். பெட்ரோல் வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டு, அந்த வாசனையை இழுத்துக்கொண்டு நின்றேன். அது என்னை நேராக ஒரு மார்கழி மாதத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளியது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், சம்பளப் பட்டியலில் பெயரைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். துறையில் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் கட்டுவதற்கென்றே ஒரு வேலை இருந்தது. கெஸ்ட் லெக்சர் பொறுப்பு. வருடத்துக்கு நான்கு பேரை வெளியிலிருந்து கூட்டிவந்து மாணவர்களிடம் பேசவைக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் விருந்தினர் சோமனூரிலிருந்து வந்த தறி இன்ஜினீயர். வந்தவரைச் சாப்பிடவைக்காமல் பேசவைப்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்டக் கிரிமினல் குற்றம். மெஸ்ஸில் இரண்டு பாயசத்தோடு விருந்து வைத்தோம். மனிதர் பிரின்சிபால் அறை சோபாவில் 'சித்த நேரம்' சாய்ந்தார். தூங்குகிற விருந்தாளியை எழுப்புவது எப்படி? அவருடைய பொன்னாடையையே எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டு, மின்விசிறியையும் குறைத்துவிட்டு, பூனைபோல வெளியே வந்தோம். அவர் எழுந்தபோது காலேஜ் பஸ்கள் எல்லாம் போயிருந்தன. இரண்டாவது விருந்தினரின்போது குத்துவிளக்கு எரிய மறுத்தது. கரெஸ்பாண்டன்ட் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அரைமணி நேரம் தீக்குச்சி கிழித்தோம், அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. மூன்றாமவர் கதைதான் உச்சம். மேடையில் அவருக்கு நாற்காலி மீதமில்லை. 'பரவால்லீங்க, நான் கீழ உக்காந்துக்கறேன்' என்று மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். டிரஸ்டிகள் பேசி முடித்ததும் பிரின்சிபால் எழுந்து, அவருடைய அருமையான உரைக்கு நன்றி சொன்னார். அவரும் எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். எங்கள் ஊரில் ஆளை வேலையைவிட்டு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் உட்காரச் சொல்லி டீ கொடுத்துவிடுவார்கள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க சார்."

"மூணு கெஸ்ட்டு வந்தாங்க. மூணு பேரும் வாயத் தொறக்கலீங்க. இன்ஸ்பெக்சன் கமிட்டி வந்து கேட்டா நான் என்ன சொல்றதுங்க? நாலாவது ஆளும் பேசலீன்னா, உங்களப் பர்மனென்ட் பண்ற ஃபைல நான் மேல அனுப்ப மாட்டனுங்க. வேற எடம் பாத்துக்கறது நல்லதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகுதான் அவர் சொன்னது முழுதாக உறைத்தது. அந்த வேலையை நம்பி வீட்டுக் கடன் போட்டிருந்தேன், பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள் என்றெல்லாம் கதை விடலாம். அதெல்லாம் இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் நான் கொஞ்சம் உயரமாக இருப்பதுபோல ஓர் உணர்வு.

நாலாவது ஆளாக நான் பிடித்தவர் சரஸ்வதி மேடம். பல்லடத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி நடத்தினார். நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டு இன்குபேட்டர் ஒன்று அடிக்கடி மக்கர் செய்தது என்று கோபப்பட்டு, அதைப் பிரித்துப் பார்த்து, அதைவிட நல்லதாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தானே செய்துவிட்டவர். எங்கள் மாணவர்கள் புத்தகத்தில் படிப்பதை இந்த அம்மா முட்டையை வைத்துச் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன் போட்டேன்.

"நான் என்னத்தப் பேசறதுங்க தம்பி? எனக்குக் கோழிகிட்டப் பேசித்தான் பழக்கம்."

"கோழிகிட்டப் பேசறதையே பசங்ககிட்டப் பேசுங்க மேடம். பசங்க அதைவிட அமைதியா இருப்பாங்க."

"வெறும் வாயில பேசுனா ஏறாதுங்க. சின்னப் பொட்டி ஒண்ணு இருக்குது. பன்னெண்டு முட்டை வெச்சுக் கொண்டாறேன். பதினொன்ர, பதினொன்னே முக்காலுக்குப் பசங்க கண்ணு முன்னால பொரியற மாதிரி நாள் பாத்து எடுத்தாறனுங்க."

"அவ்வளவு கரெக்டா பொரியுமாங்க?"

"ஓடு கீறுனத மட்டும் பொறுக்கிக் கொண்டாந்தாப் பொரியுமுங்க. நீங்க டைத்துக்குப் பேச உடுவீங்களா?"

இதில்தான் சிக்கலே இருந்தது. ஊரே மின்வெட்டு அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்த வருடங்கள் அவை. அந்த வாரம் எங்கள் லைனில் பன்னிரண்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வரும். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. ஆனால் அது ஆபீசுக்கும் கேன்டீன் ஃபிரிட்ஜுக்கும் மட்டும்தான். புதிதாகக் கட்டிய ஏ.சி. அரங்கத்துக்கு இன்னும் இணைப்பு கொடுக்கவில்லை. ஆகவே மேடம் பத்தரைக்கு மைக்கைப் பிடித்தாக வேண்டும். பதினொன்றே முக்காலுக்குக் குஞ்சு வர வேண்டும். பன்னிரண்டுக்குள் என் வேலை நிரந்தரமாக வேண்டும்.

நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல் போட்டேன். அதை அட்டெண்டர் ஆறுமுகத்திடம் காட்டினேன். மேடை நிர்வாகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சார், சால்வைக்கு எடமே இல்லீங்களே?"

"அஞ்சு நிமிஷம் போட்டிருக்கேன் பாருங்க."

"ஒரு சால்வைக்கே அஞ்சு நிமிசம் ஆகுமுங்க. போட்டோல கண்ண மூடிட்டா மறுக்காப் போடச் சொல்லுவாங்க."

"ஆறு சால்வைதான வாங்கிருக்கோம்?"

ஆறுமுகம் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கைல இன்னொரு அஞ்சு வெச்சிருக்கனுங்க. வேணும்."

வேண்டியிருந்தது. கரெஸ்பாண்டன்ட் பத்தே முக்காலுக்கு வந்தார். அவரோடு அவருடைய பெரியப்பா, பெரிய டிரஸ்டி என்று எல்லோரும் சொல்லுகிற எழுபது வயதுக்காரர், 'சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க' என்று வந்தார். சும்மா வந்தவரோடு சும்மா வந்தவர்கள் நான்கு பேர். 'நான் கீழயே உக்காந்துக்கறனுங்க' என்று ஒருவர் சொன்னால், அவரை மூன்று முறை வற்புறுத்திக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றுவதுதான் முறை. நான்கு பேரையும் தலைக்கு மூன்று முறை வற்புறுத்தினேன். ஒருவருக்கு இரண்டோடு நிறுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மனம் வரவில்லை.

சரஸ்வதி மேடம் மேடையின் ஓரத்தில், கடைசி நாற்காலியில். பக்கத்து மேசையில் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி. உள்ளே ஒரு பல்பு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் ஏ.சி.யையும் முழு வேகத்தில் வைத்திருந்தார்கள், புது ஏ.சி. இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! நான் போய் மெதுவாகக் கேட்டேன்.

"மேடம், பொன்னாடைக்கு முன்னாடியே நீங்க பேசிடறீங்களா?"

"அய்யோ, வேண்டாமுங்க. பெரியவிங்க எல்லாம் இருக்கறாங்க. அவிங்க முடிக்கட்டும்."

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களை எதுவும் செய்ய முடியாது. வழி மறிப்பவருக்கும் மரியாதை, வழி கேட்பவருக்கும் மரியாதை. இரண்டு பேரும் 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று பொழுது சாயும்வரை நிற்பார்கள்.

பதினோரு பொன்னாடைகளும் விழுந்து முடிக்கப் பதினொன்றே கால். பெரிய டிரஸ்டி 'ரெண்டே வார்த்தை' என்று எழுந்தார். அவர் சின்ன வயதில் வண்டி கட்டிக்கொண்டு பருத்தி ஏற்றிப் போனதிலிருந்து ஆரம்பித்தார். பருத்தி கோயமுத்தூர் போய்ச் சேருவதற்குள் பதினொன்றரை. அப்போது எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு 'கிய்' சத்தம் மைக்கில் கேட்டது. பெரிய டிரஸ்டி மைக்கை முறைத்தார். ஆறுமுகம் ஓடிவந்து ஒயரை ஆட்டினார். மறுபடியும் 'கிய்'. மைக்கையே மாற்றினார்கள். எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரிந்தது, அது முட்டைக்குள்ளிருந்து வருகிற குரல் என்று. மேடம் பெட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு டிரஸ்டி உட்கார்ந்தார். இனி நான் விருந்தினரை அறிமுகம் செய்ய வேண்டும், மூன்று நிமிடம். பிறகு மேடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். போதும், தப்பித்தேன் என்று மைக்கைப் பிடித்தேன்.

இதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மைக் என் கையைவிட்டுப் போகவில்லை. இருநூறு முகங்கள் என்னையே பார்த்தன. ஏதோ ஒரு வாக்கியத்துக்கு யாரோ கைதட்டினார்கள். அவ்வளவுதான், போயிற்று. பல்லடத்தின் காற்றைப் பற்றிச் சொன்னேன். உலகத்தில் முட்டை ஏன் உருண்டையாக இல்லை என்று, எனக்கே தெரியாத ஒன்றை விளக்கினேன். ஐந்தாம் வகுப்பில் கோழி என்னைத் துரத்தியதை நடித்துக் காட்டினேன். ஓரத்தில் ஆறுமுகம் தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்கும் ஒரு வாட்ச் பரிசளிக்கப் போகிறார்களோ என்று நினைத்தேன், சத்தியமாக.

"இப்போது மேடம் அவர்களை..." என்று நான் விலகியபோது பன்னிரண்டு மணி ஆக அரை நிமிடம். அவர் வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க."

கரண்ட் போயிற்று.

ஏ.சி.க்காகச் சன்னல்களையெல்லாம் அடைத்திருந்த அரங்கம். கும்மிருட்டு. ஏ.சி. பெருமூச்சு விட்டு நின்றது. மைக் செத்தது. பெட்டிக்குள் பல்பும் அணைந்தது. என் பென்சில் பெயரை யாரோ ரப்பரால் தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"கரண்ட் வரட்டுங்க அம்மணி, அப்பறம் பேசிக்கலாம்," என்று பெரிய டிரஸ்டியின் குரல். "வாங்க, எல்லாரும் சாப்டுட்டு வந்தர்லாம்."

மேடம் 'சரீங்க' என்று சொல்வார், எல்லோரும் சாப்பிடப் போவோம், நான் வேறு இடம் பார்க்கப் போவேன் என்று நின்றேன்.

"சாப்பாடு ஆறுனாச் சுட வெச்சுக்கலாமுங்க," என்றார் மேடம். "இதுக ஆறுனா அவ்வளவுதானுங்க. இந்தக் குளுருல அரைமணி தாங்காது. ஓட்டுக்குள்ளயே நின்னுபோயிரும். ஏனுங்க பெரியவரே, அந்தச் சால்வைய இப்படிக் குடுங்க."

மூன்று முறை வற்புறுத்தவில்லை. ஒரே முறைதான். அந்த மேடையில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. பெரிய டிரஸ்டி குழந்தைபோலத் தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். பின்னாலேயே கரெஸ்பாண்டன்ட், பிரின்சிபால், மேடையிலிருந்த மற்ற டிரஸ்டிகள் மூன்று பேர், சும்மா வந்தவர்கள் நான்கு பேர். மேடம் தன்னுடையதையும் உருவினார். முதல் சால்வை கைமாறும்போதே போட்டோகிராபர், என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு ஃபிளாஷ் அடித்திருந்தார். பொன்னாடை அவ்வளவு கதகதப்பானது என்று எனக்கு அன்றுதான் தெரியும். காற்று போகத் தெரியாத துணி அது. அதைப் போர்த்திக்கொண்டு பேசுகிறவர்கள் ஏன் வியர்க்கிறார்கள் என்பதும் விளங்கிற்று. கண்ணாடி முகப்பை மட்டும் விட்டுப் பதினோரு பொன்னாடையையும் சுற்றி, மேலே காற்றுக்கு விரலளவு இடம் விட்டதும் பெட்டி ஒரு சின்ன டிரஸ்டி மாதிரி மேசையில் உட்கார்ந்திருந்தது.

"வெளிச்சம் வேணுமே கண்ணுகளா. யாராச்சும் லைட்டு வெச்சிருக்கறீங்களா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரிக்குள் மாணவர்கள் செல்போன் கொண்டுவரத் தடை. வாசலில் தினமும் சோதனை உண்டு. மூலையில் ஒரு பட்டன் போன் டார்ச் எரிந்தது. அப்புறம் பத்து. அப்புறம் அரங்கம் முழுவதும். பிரின்சிபால் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாணவர்கள் மேடையேறிவிட்டார்கள். பெட்டியைச் சுற்றி நெருக்கி நின்றதில் அவர்களின் மூச்சே பாதிச் சூடு. மேடம் மைக் இல்லாமல், கோழியிடம் பேசுகிற குரலில், பேச ஆரம்பித்தார்.

"ஒரு டிகிரி கொறஞ்சா பல்பு எரியோணும், ஏறுனா அணையோணும். அம்புட்டுத்தான் வேலை. ஆனா பொட்டுனு கொறஞ்ச ஒடனே போட்டு, ஏறுன ஒடனே அமத்துனீங்கன்னா, படபடன்னு அடிச்சு ரெண்டே நாள்ல அந்த ரிலே சுவிட்சு போயிரும். சித்த உட்டுத்தான் புடிக்கோணும். எவ்வளவு உடறது? அங்கதான் கண்ணு இருக்குது வித்தை."

இதையே நான் மூன்று வகுப்பில், இரண்டு வண்ணச் சாக்பீஸில் நடத்தியிருந்தேன். ஒருவனும் கேள்வி கேட்டதில்லை. இப்போது இருட்டுக்குள்ளிருந்து கேள்விகள் வந்தன. காற்றில் ஈரம் குறைந்தால் என்ன ஆகும் என்றாள் ஒருத்தி. 'ஓட்டோட ஒட்டிக்கும் அம்மணி, வெளிய வராது' என்றார் மேடம். அடுத்து ஒரு கனத்த குரல்: "ஏனுங்க, எங்கூட்டுக் கோழி முட்டையத் திருப்பித் திருப்பி உடுதே, அது எதுக்குங்க?" திரும்பிப் பார்த்தால், தோளில் ஒன்றுமில்லாமல், கையில் டார்ச்சோடு பெரிய டிரஸ்டி. எழுபது வருடமாக அவருக்குள் இருந்த கேள்விபோல.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் முட்டை இரண்டாகப் பிரிந்தது. நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று உருண்டு வெளியே வந்து, சுற்றியிருந்த அத்தனை வெளிச்சத்தையும் பார்த்து, 'கிய்' என்றது. யாரும் கைதட்டவில்லை. இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டில் ஒன்பது பொரிந்தன. மீதி மூன்று ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டன. மேடம் அவற்றைத் தனியாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு கால்மணி முன்னாடி ஆரம்பிச்சிருந்தா வந்திருக்குமுங்க," என்றார், யாரையும் பார்க்காமல். கால்மணி. நான் அறிமுகம் செய்த நேரம். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. விளக்கு, ஏ.சி., மைக் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. பெரிய டிரஸ்டி கையிலிருந்த குஞ்சை ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டு, தூக்கத்தில் நடப்பவர்போல மைக்கை நோக்கி நடந்தார். "ஆக..." என்றார்.

மறுநாள் பிரின்சிபால், விருந்தினர் பேசுகிற போட்டோ எங்கே என்று கேட்டார். போட்டோகிராபரே கேமராவை மறந்து குஞ்சு பார்த்துக்கொண்டிருந்த இருட்டில் ஏது போட்டோ? இருந்தது அந்த ஒரு ஃபிளாஷ் மட்டும். அதில் மேடம் வாயைத் திறந்திருந்தார், டிரஸ்டியிடம் சால்வையைப் பறித்தபடி. பிரின்சிபால் அதை நெடுநேரம் பார்த்தார். "வாய் தொறந்திருக்குதுங்கல்ல? போதும்," என்று ஃபைலில் ஒட்டினார். 'சிறப்பு விருந்தினர் உரையாற்றும்போது மூத்த டிரஸ்டியைக் கௌரவிக்கிறார்' என்று அடியில் என் கையெழுத்திலேயே எழுதவைத்தார். கமிட்டி அதைப் பார்த்து ரொம்பவும் மகிழ்ந்துபோனதாம். என் பெயர் பேனாவில் ஏறியது.

பிறகு சில வருடங்கள் அங்கே பாடம் நடத்தினேன். அறிமுகம் செய்யச் சொன்னால் மட்டும், தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்துவிடுவேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் மின்சாரப் பேனல் போர்டு செய்கிற சின்ன பட்டறை போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்லூரியிலிருந்தே ஆர்டர் வந்தது. அரங்கத்துக்கென்று தனி ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள். கரண்ட் போனால் பத்து நொடிக்குள் தானாக மாறிக்கொள்கிற பேனல் வேண்டும். செய்து கொடுத்தேன். நல்ல பேனல், நானே சொல்கிறேன்.

நிகழ்ச்சி நடக்கும்போதே சோதித்துக் காட்டச் சொன்னார் இப்போதைய பிரின்சிபால். அன்றைக்கு ஒரு சிறப்புச் சொற்பொழிவு. மேடையில் வரிசையாகப் பொன்னாடைகள். பெரிய டிரஸ்டியின் பேரன் பேசிக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியில், மடியில் திறந்த மடிக்கணினியோடு ஒரு பெண். அவள்தான் விருந்தினர். நான் பின்பக்கம் நின்று மெயினை அணைத்தேன்.

இருட்டு. மைக் நின்றது. பேரனும் நின்றார். சன்னல்களை அடைத்த அந்தக் கறுப்பில், மடிக்கணினித் திரையின் மங்கிய நீல வெளிச்சம் மட்டும் மேடை ஓரத்தில் தெரிந்தது. அது மெல்ல எழுந்தது. நாற்காலியைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டதாகக்கூட எனக்குத் தோன்றியது. ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவது நொடியில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

"சூப்பருங்க சார்," என்று பிரின்சிபால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பத்துன்னு சொல்லிப்போட்டு எட்டுலயே கொண்டாந்துட்டீங்க."

பேரன் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். மேடை ஓரத்தில் அந்தப் பெண் ஓர் அடி பின்னால் வைத்து, நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து, உட்கார்ந்துகொண்டாள்.